பூக்களை அழுத்தி உலர்த்திப் படமாக்குதல்: நம் ஊர் ஈரக்காற்றில் நிறத்தைக் காப்பது எப்படி?

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரின் செந்தூலில் என் மாமியார் முப்பது ஆண்டுகளாகப் பேணி வரும் தோட்டத்தை இன்னும் மூன்று மாதத்தில் விட்டுவிட்டு, பதினான்காவது மாடியில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிபோகிறோம். தொட்டியில் எடுத்துச் செல்லக்கூடிய செடிகள் நான்கைந்துதான் தேறும். வாசல் தூணைச் சுற்றிய காகிதப்பூ, வேலி நெடுகப் படர்ந்த சங்குப்பூ, சாமி மேடைக்கு அருகில் நிற்கும் நந்தியாவட்டை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வளர்ந்த செம்பருத்தி, பக்கச் சுவரோரத்து இட்லிப்பூ எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அவற்றின் பூக்களையும் இலைகளையுமாவது அழுத்தி உலர்த்தி, பெரிய தாள் ஒன்றில் ஒட்டி, சட்டம் போட்டுப் புது வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் முயற்சி முழுவதும் வீணாகிவிட்டது. ஏறத்தாழ நாற்பது பூக்களைப் பறித்து, சமையலறைத் துடைதாளின் நடுவில் பரப்பி, தடித்த தமிழ் அகராதி ஒன்றின் பக்கங்களுக்கு இடையே வைத்து, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றினேன். நான் பார்த்த காணொளிகள் அனைத்தும் மூன்று வாரம் திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்ததால் நானும் திறக்கவில்லை. 22ஆம் நாள் திறந்தபோது முதலில் எழுந்தது புளித்த வாடை. சங்குப்பூ சாம்பல் நிறமாகியிருந்தது. செம்பருத்தி தாளோடு ஒட்டிக்கொண்டு கரும்பழுப்புப் பசையாகிவிட்டது. நந்தியாவட்டை தேநீர்க் கறையைப் போலக் கிடந்தது. இட்லிப்பூக் கொத்தின்மேல் வெண்பஞ்சு போலப் பூஞ்சை பூத்திருந்தது. காகிதப்பூ மட்டும் நிறம் மங்காமல் இருந்தாலும், துடைதாளில் இருக்கும் புள்ளி வடிவம் அதன்மேல் அப்படியே பதிந்துவிட்டது. அகராதியின் ககர வரிசைப் பக்கங்கள் ஈரத்தில் நெளிந்து, இப்போது மூட மறுக்கின்றன.

மறுபடியும் பூப்பறிக்கும் முன் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள நினைக்கிறேன். இன்னும் பாரம் ஏற்ற வேண்டுமா, அல்லது நம் ஊரில் இது நடக்காத காரியமா?

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதியது:

தங்கச்சி, தாராளமாக நடக்கும். பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய காலத்தில் மாணவர்களைக் கொண்டும், ஓய்வுக்குப் பிறகு வாழ்த்து அட்டைகளுக்காக என் வீட்டிலும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் பாரத்தில் குறையே இல்லை. அம்மிக்கல் போதும், அதில் பாதி எடைகூடப் போதும். மூன்று வாரம் திறக்காமல் வைத்ததுதான் பூக்களைக் கெடுத்தது. குளிரும் வறட்சியும் உள்ள நாடுகளில் புத்தகத்தில் வைத்த பூ தானே காய்ந்துவிடுகிறது. நமக்கோ காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பூவிலிருந்து வெளியேறிய தண்ணீர் தாளில் தங்கி, போக இடமில்லாமல் மறுபடியும் பூவையே நனைக்கிறது. அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது.

ஆகவே தாளை மாற்றுங்கள். காலையில் பறித்து வைத்தால் அன்று மாலையே முதல் மாற்று. மறுநாள் காலையும் மாலையும், மூன்றாம் நாள் ஒரு முறை, அதன்பின் காயும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள். முதல் மூன்று நாளில் சோம்பல் பட்டால் பிறகு எத்தனை வாரம் வைத்தாலும் பயனில்லை. மாற்றும்போது பூவைக் கையால் தூக்காதீர்கள். பூவோடு ஒட்டியிருக்கும் மெல்லிய உள்தாளை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள உறிஞ்சுதாள்களை மட்டும் உருவிப் புதியவற்றைச் செருக வேண்டும். உள்தாளுக்கு வடிவம் எதுவும் பொறிக்காத டிஷ்யூவும், உறிஞ்சுதாளுக்கு மை ஒற்றும் தாளோ அச்சிடாத நாளிதழ்த் தாளோ ஏற்றவை. அச்சிட்ட நாளிதழைப் பயன்படுத்தினால் மை பூவில் ஏறாதபடி நடுவில் வெள்ளைத் தாள் இருக்க வேண்டும். சமையலறைத் துடைதாள் நன்றாக உறிஞ்சினாலும், நீங்களே கண்டதுபோல அதன் மேடுபள்ளம் இதழில் பதிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் கிடக்கும் தாள் காய்ந்த தாள் என்று நாம் நம்புகிறோம், ஆனால் நம் ஊர்க் காற்றில் அதுவும் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். நான் புதுத் தாள்களை வைப்பதற்கு முன் நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்து, சூடு ஆறியதும் வைக்கிறேன். எடுத்த ஈரத்தாள்களையும் அதே போலத் தேய்த்து மறுபடி பயன்படுத்துகிறேன். தேய்க்கும்போது தாளிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தால் பூ எவ்வளவு தண்ணீரை விட்டிருக்கிறது என்று தெரியும்.

பூ காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உள்தாளோடு எடுத்துக் கன்னத்தில் அல்லது மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அறையின் சூட்டிலேயே இருந்தால் காய்ந்துவிட்டது.

பறிக்கும் நேரமும் முக்கியம். பனி உலர்ந்த பிறகு, பத்து மணி வாக்கில், முந்தின இரவு மழை பெய்யாத நாளாகப் பார்த்துப் பறியுங்கள். உங்கள் பக்கம் ஏப்ரலும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் மழை மிகுந்தவை. எங்களுக்குச் செப்டம்பரும் அக்டோபரும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் இந்த வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

உலர்தாவரம் எழுதியது:

டீச்சர் அம்மா சொன்ன கன்னச் சோதனையைத்தான் தாவரச் சேகரிப்பகங்களிலும் செய்கிறார்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுப்பதால் அந்தக் குளிர்ச்சி வருகிறது. நான் சில ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் உலர்தாவரச் சேகரிப்பகத்தில் உதவியாளனாக இருந்தவன். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் கெப்போங் வன ஆய்வுக் கழகம் தெரிந்திருக்கும். அங்கும் அப்படி ஒரு பெரிய சேகரிப்பகம் இருக்கிறது. அழுத்தி உலர்த்திய செடிகள் அங்கே தாளில் ஒட்டப்பட்டுப் பல தலைமுறைக்கு நிற்கின்றன. ஈர நாட்டில் அது முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சகோதரி அகராதியில் பூ வைத்தேன் என்றதும் எனக்கு ராட்லர் நினைவுக்கு வந்தார். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த அந்தப் பாதிரியார் தமிழகத்துச் செடிகளை ஆயிரக்கணக்கில் அழுத்தி உலர்த்தியவர். பிற்காலத்தில் தமிழுக்கு ஒரு பெரிய அகராதியையும் தொகுத்தார். 1836இல் அவர் மறைந்த பிறகு அவருடைய உலர்தாவரத் தொகுப்பு இங்கிலாந்துக்குச் சென்று, இன்று இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. கடலோர ஊரின் புழுக்கத்தில், மின்விசிறியும் இல்லாத காலத்தில், தாள் மாற்றி மாற்றி உலர்த்தியவை அவை.

நமக்கு மின்விசிறி இருக்கிறது. டீச்சர் அம்மாவின் முறையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். கடைகளில் தூக்கி எறியும் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் பார்த்தால், இரண்டு தாளுக்கு நடுவே அலையலையாக ஓர் உள்தாள் ஓடி, சிறு சிறு குழாய்களைப் போலத் துளைகள் தெரியும். அந்த அட்டையைப் பூவடுக்கு ஒவ்வொன்றுக்கும் இடையே, துளைகள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி வெட்டி வையுங்கள். மேலும் கீழும் இரண்டு பிளைவுட் பலகை, நான்கு மூலையில் நீண்ட திருகாணி, கையால் முறுக்கும் நட்டு. ஹார்ட்வேர் கடையில் எல்லாம் கிடைக்கும். திருகாணி இல்லையென்றால் இரண்டு வார்ப்பட்டை போட்டு இறுக்கினாலும் சரி. இந்த அழுத்தியைப் படுக்க வைக்காமல், துளைகள் விசிறியைப் பார்க்கும்படி செங்குத்தாக நிறுத்தி, மேசை விசிறியை இரவு பகலாக ஓட விடுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்போது ஈரத்தையும் எடுத்துச் செல்லும். குளிர்சாதனம் ஓடும் அறையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே காற்றே சற்று வறண்டிருக்கும். மெல்லிய பூக்கள் நான்கைந்து நாளில் காய்ந்துவிடுகின்றன. இதழ்கள் சுருங்க ஆரம்பித்ததும் பிடி தளர்வதால், முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் நட்டை மறுபடி முறுக்க வேண்டும்; அதை மறந்தால் இதழ் சுருக்கம் விழும்.

நிறம் ஏன் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பறித்த பூவின் திசுக்கள் சாகும்போது அவற்றுக்குள் இருக்கும் நொதிகள் வெட்டிய கத்தரிக்காயைக் கறுக்க வைப்பது போல இதழையும் பழுப்பாக்குகின்றன. அந்த வேலைக்கு ஈரமும் நேரமும் தேவை. எவ்வளவு விரைவாகத் தண்ணீர் வெளியேறுகிறதோ அவ்வளவு நிறம் மிஞ்சும். காகிதப்பூவில் நாம் பூ என்று நினைப்பது உண்மையில் நிறமேறிய இலை. மிக மெல்லியது, அதில் தண்ணீர் குறைவு, அதன் நிறமியும் பீட்ரூட்டில் இருக்கும் வகையைச் சேர்ந்தது. அதனால்தான் உங்கள் நாற்பதில் அது மட்டும் பிழைத்தது. சங்குப்பூவிலும் செம்பருத்தியிலும் இருப்பது வேறு வகை நிறமி. அமிலத்தன்மைக்கும் காரத்தன்மைக்கும் ஏற்ப நிறம் மாறக்கூடியது. சீன-மலாய் மரபு நோன்யா பலகாரத்துக்கு நீலம் கொடுக்கும் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாவதைப் பார்த்திருப்பீர்கள். நந்தியாவட்டை, மல்லிகை போன்ற வெள்ளைப் பூக்களில் பழுப்பை மறைக்க நிறமியே இல்லை. நந்தியாவட்டையில் பாலும் வடியும். அவற்றை அழுத்தி வெள்ளையாகவே வைத்திருப்பது மிகக் கடினம்.

காட்டில் சேகரிப்பவர்கள் உடனே உலர்த்த வழியில்லாதபோது செடியை நாளிதழில் சுற்றி, சாராயத்தில் நனைத்து, நெகிழிப் பையில் மூடிக் கொண்டுவருவதுண்டு. பூஞ்சை பிடிக்காது, ஆனால் நிறம் முழுவதும் போய்விடும். யாராவது அந்த வழியைப் பரிந்துரைத்தால் படத்துக்கு ஏற்க வேண்டாம்.

செந்தூல்வாசி எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. அழுத்தி செய்யப் பலகை வாங்கிவிட்டேன். செம்பருத்தியை மட்டும் விட மனமில்லை. 1960 முதல் மலேசியாவின் தேசிய மலர் என்பது ஒரு பக்கம் இருக்க, என் மாமியார் தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய ஒரே செடியும் அதுதான். அந்த வழவழப்பை எப்படிச் சமாளிப்பது?

வங்சா மாஜு தம்பி எழுதியது:

அக்கா, மைக்ரோவேவ் அடுப்பைப் பயன்படுத்திப் பாருங்கள். மெருகு பூசாத இரண்டு தரை ஓடுகளுக்கு நடுவே தாள், பூ, தாள் என்று வைத்து, ரப்பர் வளையம் இரண்டு போட்டு, மிகக் குறைந்த சக்தியில் 20 நொடி மட்டும் ஓட்டுவேன். உடனே வெளியே எடுத்துத் திறந்து ஆவியைப் போகவிட்டு, ஓடு ஆறியதும் மறுபடி 20 நொடி. சங்குப்பூவுக்கு நான்கைந்து முறை தேவைப்படுகிறது. நீலம் அப்படியே நிற்கிறது. திருகாணி போட்ட அழுத்தியை உள்ளே வைத்துவிடாதீர்கள், உலோகம் பட்டால் தீப்பொறி பறக்கும். இப்படிக் காய்ந்தவற்றை நான் ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) பதித்துச் சாவிக்கொத்து செய்து பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிறேன். கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி தட்டும் பூவை ரெசினில் போட்டால் சுற்றிலும் குமிழி எழும், ஒரு மாதத்தில் பழுப்பும் ஏறும். இந்தச் சோதனை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பல பூக்கள் பிழைத்திருக்கும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதியது:

தம்பி சொல்வதில் நிறத்தைப் பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஆனால் படத்துக்கு வைக்கும் பூ ஒட்டும்போது சற்று வளைந்து கொடுக்க வேண்டும். மைக்ரோவேவில் காய்ந்தவை சாமணத்தால் தொட்டதுமே நொறுங்குவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். சாவிக்கொத்தில் ஒரு பூ போனால் இன்னொன்று. தங்கச்சியின் மாமியார் கையால் வைத்த செடிக்கு அப்படிச் சொல்ல முடியாது. வேண்டுமானால் அழுத்தியில் இரண்டு நாள் வைத்துப் பெரும்பகுதி ஈரம் போன பிறகு, கடைசி ஈரத்துக்கு மட்டும் தம்பியின் மைக்ரோவேவ் முறையைப் பயன்படுத்தலாம்.

செம்பருத்திக்கு வருவோம். அது ஒரு நாள் பூ, அதனால் மலர்ந்த காலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். நடுவில் நீளும் மகரந்தத் தண்டையும் பச்சைப் புல்லியையும் நீக்கி, ஐந்து இதழ்களையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். வழவழப்பு அதிகம் இருப்பது இதழின் அடிப்பகுதியில். அந்த அடியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எறிந்தால் ஒட்டும் தொல்லை பாதி குறையும். மீதியைத் தாளில் ஒற்றி எடுத்து அழுத்தியில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் முதல் மாற்று. இந்த ஒரு பூவுக்கு மட்டும் உள்தாளையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் இதழ் தாளோடு சேர்ந்துவிடும். மகரந்தத் தண்டைத் தனியாக உலர்த்துங்கள். எல்லாம் காய்ந்த பிறகு படத்தில் ஐந்து இதழையும் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி அடுக்கி, நடுவில் தண்டை வைத்தால் பூ மறுபடி பூவாகிவிடும். ஆனால் பறித்தபோது இருந்த சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆழ்ந்த மரூன் நிறம் வரும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.

பட்டர்வொர்த் அம்மா எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். மாலையை அழுத்தி வைக்க முடியுமா? கோவிலில் அம்மனுக்குச் சாத்திக் கொடுத்த மாலையையும் சேர்க்கலாமா?

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதியது:

அம்மா, வாழ்த்துகள். கழுத்திலிருந்து இறங்கிய மாலை இரண்டு நாள் தண்ணீர் தெளித்துத் தெளித்து வாடியிருக்கும். அதை அழுத்தினால் கறைதான் மிஞ்சும். மாலை கட்டும் கடையில் அதே ரோஜாவிலும் ஆர்க்கிட்டிலும் கட்டாத உதிரிப் பூக்களாகக் கொஞ்சம் வாங்கி, திருமண நாள் காலையிலேயே வீட்டில் யாராவது ஒருவர் அழுத்தியில் வைத்துவிட வேண்டும். ரோஜாவை முழுதாக வைக்காமல் இதழ் இதழாக வையுங்கள். ஆர்க்கிட் தடிப்பானது, அதன் நடு உதட்டைப் பிரித்து வைத்துத் தாளைக் கூடுதலாக மாற்ற வேண்டும்.

சாமிக்குச் சாத்திய பூவைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறை உண்டு. எங்கள் வீட்டில் நிர்மாலியத்தைக் கால்படாத மரத்தடியில் சேர்ப்போம், அலங்காரத்துக்கு எடுப்பதில்லை. பசை தடவி, கண்ணாடிக்குள் பூட்டி, என்றாவது சட்டம் உடைந்தால் குப்பைக்குப் போகக்கூடிய ஒன்றாக அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. வேறு விதமாக எண்ணுபவர்களை நான் குறை சொல்லவில்லை.

சட்டக்கடைக்காரர் எழுதியது:

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படங்களுக்குச் சட்டம் போட்டுவருகிறேன். நன்றாக உலர்த்திய பூக்கள் ஓராண்டுக்குள் பாழாகி என் கடைக்குத் திரும்பி வருவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பெரும்பாலும் மூன்று காரணம்: பசை, வெளிச்சம், பூச்சி.

பசை என்றால் வெள்ளைப் பிவிஏ பசை போதும். பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு, இதழின் தடித்த பகுதியில் இரண்டு மூன்று புள்ளி மட்டும் வைக்க வேண்டும். முழுவதும் தடவினால் பசையில் இருக்கும் தண்ணீர் காய்ந்த இதழை மறுபடி நனைக்கிறது. சங்குப்பூவில் இது கண்கூடாகத் தெரியும். வெள்ளைத் தாளில் பூவைச் சுற்றி நீல வளையம் கசிந்து நிற்கும், பிறகு எடுக்கவே முடியாது. ஒட்டும் தாள் அமிலமற்றதாக இருக்கட்டும். ஓவியக் கடையில் வாட்டர்கலர் தாள் என்று கேட்டு, அமிலமற்றது என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்வதை யாரும் முதலில் நம்புவதில்லை. மேற்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே மாட்டிய படம் சில மாதங்களில் வைக்கோல் நிறமாகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும், என்றாலும் முழுக் காவல் இல்லை. சன்னல் இல்லாத உள்சுவரில், குளியலறைக்கும் மழை அடிக்கும் வெளிச்சுவருக்கும் விலகி மாட்டுங்கள்.

ஜப்பானில் ஓஷிபானா என்று இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் பூப்படத்தைக் கண்ணாடிக்குள் காற்று புகாமல் அடைத்து, ஈரம் உறிஞ்சும் தாளும் உயிர்வளியை உறிஞ்சும் பையும் உள்ளே வைத்துவிடுகிறார்கள். வீட்டில் அந்த அளவுக்குச் செய்யாவிட்டாலும், சட்டத்தின் பின்பலகைக்கு உள்ளே சிலிக்கா ஜெல் பைகளைப் பரப்பி, பின்புற விளிம்பு நான்கையும் அலுமினிய நாடாவால் ஒட்டிவிட்டால் நம் ஊர் ஈரம் உள்ளே வருவது பெரிதும் தடைப்படும். சிலிக்கா ஜெல்லில் நீல மணி உள்ளதைத் தவிர்த்து ஆரஞ்சு மணி உள்ளதை வாங்குங்கள். நீலத்துக்குப் பயன்படும் கோபால்ட் உடலுக்குக் கேடு. மணி நிறம் மாறினால் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். சூட்டைத் தாங்காத பையில் இருந்தால் மணிகளை மட்டும் தட்டில் கொட்டி வையுங்கள்.

பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள். இதைப் பற்றி உலர்தாவரம் ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உலர்தாவரம் எழுதியது:

சேகரிப்பகங்களில் உறைய வைப்போம். புகையிலையைத் துளைக்கும் அதே சிறு வண்டு உலர்ந்த பூக்களையும் தின்னும். ஒட்டுவதற்கு முன் காய்ந்த பூக்களைத் தாளோடு நெகிழிப் பையில் காற்று புகாமல் மூடி, வீட்டு உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் மூடியே இருக்கட்டும். உடனே திறந்தால் ஈரம் பூவின்மேல் பனியாகப் படிந்து, நீங்கள் பட்ட பாடு அத்தனையும் கெடும்.

இன்னொரு பழக்கத்தையும் பரிந்துரைக்கிறேன். எந்தச் சேகரிப்பகத்திலும் சீட்டு இல்லாத செடியை உள்ளே வைப்பதில்லை. செடியின் பெயர், இடம், நாள், சேகரித்தவர் என்று நான்கு விவரத்தைப் பென்சிலால் எழுதிப் படத்தின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும்.

செந்தூல்வாசி எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் அனைவரும் சொன்னபடி செய்ததை எழுதிவிடுவதுதான் முறை.

அழுத்தியை மேசை விசிறிக்கு முன் நிறுத்தினேன். முதல் மூன்று நாளும் காலையில் ஆறு மணிக்கு எழுந்து தாள் மாற்றினேன். ஈரத்தாளைத் தேய்க்கும் வேலையை என் மாமியார் எடுத்துக்கொண்டார். காகிதப்பூ நான்காம் நாளே காய்ந்தது. சங்குப்பூவுக்கு ஆறு நாள் ஆனது. சங்குப்பூவின் பின்புறத்தில் இருக்கும் பச்சைப் புல்லி தடித்திருந்ததால் அதைச் சவர அலகால் பாதியாகச் சீவி எடுத்துவிட்டு, பூவைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அப்படி வைத்ததில் இதழின் நடுவில் இருக்கும் வெளிர்மஞ்சள் தீற்றல்கூட அப்படியே நின்றது. இட்லிப்பூவை ஒவ்வொரு சிறு பூவாகக் கொத்திலிருந்து உருவி, நீண்ட குழலோடு படுக்க வைத்தேன். செம்மை சற்றுக் கறுத்தது, பூஞ்சை வரவில்லை. செம்பருத்தியில் பதினொரு பூவை இழந்து மூன்று பூவைக் காப்பாற்றினேன். டீச்சர் அம்மா சொன்ன அதே மரூன்.

நந்தியாவட்டையை விட்டுவிட்டேன். மூன்று முறை முயன்றும் பழுப்புதான். அது பூசைக்குப் போகட்டும் என்று மாமியார் சொன்னார். படத்துக்கு வேண்டியதைப் பூசைக் கூடையில் போடாமல் தனியாகப் பறிக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். நந்தியாவட்டைக்குப் பதிலாக அதன் இலைகளை வைத்தேன். பளபளப்பு குறைந்தாலும் கரும்பச்சை நிற்கிறது.

எப்படி அடுக்குவது என்பதில்தான் நீண்ட நேரம் போனது. முதலில் புள்ளி வைத்த கோலத்தின் அமைப்பில் அடுக்கிப் பார்த்தேன், அழகாகவே இருந்தது. ஆனால் மாமியார் பக்கத்தில் வந்து நின்று, காகிதப்பூவைக் காட்டி, இது வாசலில் அல்லவா இருக்க வேண்டும் என்றார். உடனே எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, தாளின் கீழ் விளிம்பை வாசல் என்று வைத்துக்கொண்டு, தோட்டத்தில் எது எங்கே நிற்கிறதோ அதே இடத்தில் வைக்க ஆரம்பித்தோம். இடப்பக்க விளிம்பு நெடுக வேலி, அதில் சங்குப்பூக் கொடி. வலப்பக்கச் சுவரோரம் இட்லிப்பூ. மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் செம்பருத்தி மூன்றும். பெரணியை நான் செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்தபோது அவர் சாமணத்தை வாங்கி, ஒரு விரற்கடை கீழே நகர்த்தினார். குழாய் சொட்டுகிற இடம் அங்கேதான் என்றார். அந்தக் குழாய் பல ஆண்டுகளாகச் சொட்டுகிறது என்பதையே நான் அன்றுதான் கவனித்தேன்.

உறைபெட்டியில் ஒரு வாரமும், பை பிரிக்காமல் ஒரு நாளும் வைத்த பிறகே ஒட்டினோம். சட்டக்கடைக்கார ஐயாவுக்கு ஒரு கேள்வி: கண்ணாடி பூவின்மேல் படலாமா, இடைவெளி வேண்டுமா?

சட்டக்கடைக்காரர் எழுதியது:

மெல்லிய பூவாக இருப்பதால் கண்ணாடி லேசாக அழுத்திக்கொண்டு இருக்கட்டும். இதழ் ஓரங்கள் எழும்பாது. இடைவெளி விடும் முறை தடித்த பூக்களுக்குத்தான். மழை இல்லாத வறண்ட நாளாகப் பார்த்து, பகல் வேளையில், குளிர்சாதனம் ஒரு மணி நேரமாவது ஓடிய அறையில் மூடி ஒட்டுங்கள். அந்த நேரத்துக் காற்றுதான் உள்ளே தங்கப்போகிறது.

செந்தூல்வாசி எழுதியது:

நேற்று அப்படியே மூடிவிட்டோம், ஐயா. புது வீட்டில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள உள்சுவரில் மாட்டப் போகிறோம்.

உலர்தாவரம் அண்ணன் சொன்ன சீட்டையும் பென்சிலால் எழுதினேன். செடிகளின் பெயர், செந்தூல், பறித்த நாள் எல்லாம் எழுதி முடித்து, சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மாமியார் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே நட்டவர் என்று இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன், அந்த வரியில் அவரே தன் கையால் எழுதினார்.